ஜாவாச் சந்தையில் அசையாமல் நின்றவன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் வருஷம் மாசி மாதம் தொடங்கி, கொழிஞ்சிக்காடு என்ற ஊரில் கமலவேணியின் அறைக்குள் மட்டும் மழை பெய்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அரியலூர்ச் சந்தையில் அந்த வாரம் மிளகாய் விலை ஏறியிருந்தது, மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றது, கமலவேணியின் அறையில் கணுக்கால் முங்கத் தண்ணீர் நின்றது. மழை எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. சுவரில் மாட்டியிருந்த ஜாவாப் படத்திலிருந்து வந்தது. மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய நெல்வயல், கூம்புத் தொப்பி போட்டுக் குனிந்து நாற்று நடும் பெண்கள், அவர்கள் தலைக்கு மேல் ஒரு கருமேகம். கண்ணாடிச் சட்டத்தின் கீழ்விளிம்பு வழியாகச் சாரல் வெளியே அடித்தது. கமலவேணி முதலில் ஒரு குண்டானை வைத்தாள், பிறகு அண்டாவை வைத்தாள், பிறகு சுவரோரம் வாய்க்கால் வெட்டிக் கொல்லைப்பக்கம் விட்டுக் கத்திரி போட்டாள். வானம் பார்த்த பூமியில் பிறந்தவளுக்குத் தண்ணீரைக் கண்டால் அதிசயப்பட்டுக்கொண்டு நிற்கத் தெரியாது.

அவளுடைய புருஷன் பழனிவேல் யுத்தத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போய், அங்கிருந்து எப்படியோ ஜாவாத் தீவின் சுரபாயா பட்டணத்துக்குப் போய், ஒரு போட்டோக் கடையில் வேலைக்கு அமர்ந்தவன். சம்பளம் அண்ணன் அய்யம்பெருமாள் பெயருக்கு மணியார்டரில் வரும். படம் கமலவேணி பெயருக்குத் தபாலில் வரும். கூட்டுக் குடும்பத்தில் அதுதான் முறை: பணம் மூத்தவருக்கு, ஏக்கம் பெண்டாட்டிக்கு. வந்த படங்கள் மொத்தம் நாலு. ஒன்று மழை பெய்யும் வயல். ஒன்று உச்சியில் புகை விடும் நெருப்புமலை. ஒன்று தோல்பாவைக் கூத்து, விளக்குக்கு முன்னால் ஒரு தாத்தா பொம்மைகளை ஆட்டுவது. கடைசியாக வந்தது சந்தை. மெழுகு வைத்துச் சாயம் ஏற்றிய பூத்துணியை இடுப்பில் சுற்றிய பெண்கள், வாழையிலையில் பொதிந்த புளித்த பயறு, பாம்புத்தோல் போர்த்திய பழங்கள், கருவாடு, கிராம்பு மூட்டை. எல்லாவற்றுக்கும் நடுவில் இடது கையில் பழக்கூடையோடு, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தன். "நடுவில் நிற்பது நான்தான். முதலாளி திரும்பி நிற்கச் சொன்னதால் முகம் தெரியாது" என்று பின்பக்கம் எழுதியிருந்தான். முகம் தெரியாத படத்தை அனுப்புவதற்குக் கப்பல்கூலி வேறு கொடுத்தானே என்று அய்யம்பெருமாள் அலுத்துக்கொண்டார்.

ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்தான். தபால் நின்றது. அந்த வாரமே படங்கள் அசைய ஆரம்பித்தன. சர்க்கார் ஒரு வழியை அடைத்தால் சாமி இன்னொன்றைத் திறந்துவிடும் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் மழை வருவது எதிரி பிடித்த தேசத்திலிருந்து என்பதால் சும்மா விட முடியாது என்று கிராம முன்சீப் குருநாதன் மேலே எழுதிப்போட்டார். விசாரிக்க ஒரு போலீஸ் ஏட்டு சைக்கிளில் வந்தார். அறைக்குள் நின்று தொப்பி நனைய நனையப் பார்த்தார். "ஏம்மா, இது எப்ப நிக்கும்?" என்று கேட்டார். "ஜாவாவுல கேட்டுச் சொல்லுங்க சார், எனக்கும் வெறகு காயல" என்றாள் கமலவேணி. மேற்படி மழை ஜப்பானுக்கு ஆதரவானதாகத் தெரியவில்லை என்றும், சாதாரணமாகக் குளிர்கிறது என்றும் ஏட்டு அறிக்கை கொடுத்தார். அதன் மேல் யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை. ஏட்டுக்கு மட்டும் ஜலதோஷம் பிடித்தது.

நெருப்புமலை அவ்வப்போது சாம்பல் துப்பியது. பாத்திரம் துலக்க அதைப்போல ஒரு சாம்பல் கிடையாது என்று தெருப் பெண்கள் முறம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பொழுது சாய்ந்ததும் பாவைக்கூத்துப் படத்தில் விளக்கு ஏறும், வெண்கலத் தாளங்கள் ஒலிக்கும், பாரதம் நடக்கும். செந்துறைப் பக்கம் இருபது ஊரில் திரௌபதையம்மன் திருவிழாவுக்குக் கூத்தாடிய பாவாடை வாத்தியாரை ஊரார் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பீமனுடைய மூக்கைப் பார்த்ததுமே அவர் முகம் சுருங்கியது. "இது பீமனா, கொக்கா?" என்றார். போகட்டும், வேற்றூர்க்காரன் என்று பொறுத்துக்கொண்டார். ஆனால் அங்கே திரௌபதி தருமரோடு மட்டுமே உட்காருகிறாள், மற்ற நாலு பேருக்கும் வேறு வேறு பெண்டாட்டி என்று தெரிந்தபோது எழுந்தே விட்டார். "எங்க அம்மாளுக்கு நாலு புருஷனக் கொறச்சுட்டானே படுபாவி!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். திட்டுவதற்காகத்தான் வருகிறேன் என்றார். அய்யம்பெருமாள் மட்டும் அந்தக் கூத்திலிருந்து ஒரு நியாயத்தைப் பொறுக்கிக்கொண்டார். பாண்டவர்களே பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்றால் நமக்கென்ன என்பது அந்த நியாயம்.

அய்யம்பெருமாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கம்பு காய்ந்தால் அழுவார், தம்பி பெயரைச் சொன்னாலும் அழுவார், இரண்டு அழுகைக்கும் நடுவில் கணக்குப் போடுவார். படிக்கட்டு வயலைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது. "எங்க சோழராஜா கப்பல் உட்டுப் புடிச்ச சீமைதானே அது? அப்ப அந்த நஞ்சை எங்க பாட்டன் சொத்துதான்" என்று முன்சீப்பிடம் பட்டா கேட்டார். நிலம் எந்தப் பிர்க்காவில் வருகிறது என்று முன்சீப் கேட்டார். ஆனாலும் மனசு அடங்கவில்லை. தான் பாடுபட்ட புன்செய்க் கொல்லையில் சோளம் கருக, தம்பி பெண்டாட்டி மட்டும் கத்திரிக்காயை அரியலூருக்கு அனுப்பினால் எந்த அண்ணனுக்குத்தான் தூக்கம் வரும்? குடும்பம் பிரியவில்லை, ஆகவே மழையும் பொதுச்சொத்து என்று அவர் வாதாடினார். அவர் பெண்டாட்டி, வீட்டுக்கு மூத்தவள் ஜெகதாம்பாளுக்கு மழைமேல் அவ்வளவு ஆசையில்லை. அவள் கண் சந்தைப் படத்தில் பழனிவேல் கையில் இருந்த கூடையின்மேல் விழுந்திருந்தது. அதில் இருந்த பழம் வாடவே இல்லை.

யுத்தம் முடிந்தது. ஜப்பான்காரன் போனான். பர்மாவுக்குப் போனவர்களில் நடந்தே வந்தவர்கள்கூட எப்போதோ ஊர் வந்து சேர்ந்திருந்தார்கள். பழனிவேலிடமிருந்து ஒரு வரி இல்லை. சந்தைப் படத்தில் கோழி கொத்தியது, மீன்காரி கத்தினாள், கிராம்பு போட்ட சுருட்டைப் புகைத்தபடி கிழவர்கள் பேரம் பேசினார்கள், வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. நடுவில் நின்றவன் மட்டும் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. கமலவேணி தினமும் அந்த முதுகிடம் பேசினாள். பசு கன்று போட்டதைச் சொன்னாள், புளி உலுக்கியதைச் சொன்னாள், "ஏங்க, ஒரே ஒரு தடவ திரும்புங்க, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று கேட்டாள். அவளுக்குப் பயம் இருந்தது. இல்லையென்று சொன்னால் அது பொய். முதுகைப் பார்த்து ஒருத்தன் உயிரோடிருக்கிறானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அய்யம்பெருமாள் கண்டுபிடித்துவிட்டார். "பாரு கமலா. படத்துல கோழி அசையுது, குருவி அசையுது. எந்தம்பி மட்டும் அசையல. அதுக்கு என்னா அர்த்தம்னு நீயே சொல்லு" என்றார்.

"உசுரோட இருக்குறவங்க எல்லாம் ஆடிக்கிட்டேவா இருக்காங்க மாமா? நீங்களும்தான் பொழுதன்னிக்கும் கட்டில்ல அசையாம கெடக்குறீங்க. உங்களுக்கு நாங்க கருமாதியா பண்ணோம்?"

மூத்தாரைப் பார்த்து இப்படி ஒரு பெண் பேசியதை ஊர் ஒரு வாரம் வாயில் போட்டு மென்றது. ஆனால் ஆடி அமாவாசையன்று கருமாதி என்று அய்யம்பெருமாள் நாள் குறித்துவிட்டார். சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று, பரங்கிக்காய் வாங்கியாயிற்று. அன்றைக்கு அவள் தாலி இறங்கும். இறங்கிவிட்டால் பாகம் கேட்க அவளுக்கு வாயில்லை, சோறும் இரண்டு சேலையும்தான். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம் என்பார்களே, அந்த மாதிரி ஜெகதாம்பாள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ஊரும் சேர்ந்து அழுதது. ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

கருமாதிக்கு முன்னால் படங்களைப் பிரித்துவிட வேண்டும், பின்னால் உறவுக்காரர்கள் கூடினால் ஆளுக்கொரு மூலை கேட்பார்கள் என்று அய்யம்பெருமாள் நினைத்தார். நம் பக்கத்து வழக்கப்படி மூத்தவன் பிரித்து வைக்க வேண்டும், இளையவன் எடுத்துக்கொள்ள வேண்டும். இளையவன் படத்துக்குள் நிற்கிறானே, யார் எடுப்பது என்ற கேள்வி வந்தது. ஆள் இருக்கிறானா இல்லையா என்பது தீராத வரைக்கும் பெண்டாட்டி எடுக்கலாம் என்று முன்சீப் குருநாதன் தீர்ப்புச் சொன்னார். முத்திரைத்தாள் வந்தது. புளியமரத்தடியில் நாலு படத்தையும் வரிசையாகச் சாய்த்து வைத்தார்கள். மழைப் படத்துக்கு முன்னால் யாரும் உட்காரவில்லை.

"எனக்கு மழை வேணாம். மலையும் வேணாம், கூத்தும் வேணாம். சந்தையில பாதிகூட வேணாம். அந்த ஆளு போதும். ஆள மட்டும் வெட்டிக் குடுத்துருங்க" என்றாள் கமலவேணி.

அய்யம்பெருமாளுக்கு நெஞ்சுக்குள் பொங்கலே பொங்கிவிட்டது. ஆனாலும் முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு, "எந்தம்பி நெனப்பா அதையாவது நீ வெச்சுக்க" என்றார். பனங்காயையும் பங்காளியையும் பதம் பார்த்து வெட்ட வேண்டும் என்பது பழமொழி. அவர் மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்துச் சந்தைப் படத்தைப் பதமாகவே வெட்டினார். நிலம் அளப்பவன் வரப்பைக் கிள்ளுகிற மாதிரி, தம்பியின் வலது தோளை ஒட்டி ஒரு வெட்டு, தலைமயிரை ஒட்டி ஒரு வெட்டு, உள்ளங்காலை ஒட்டி ஒரு வெட்டு. கால் வைத்திருந்த மண்ணைக்கூட விடவில்லை, அங்கே இரண்டு கிராம்பு சிந்திக் கிடந்தது. இடது பக்கம் வரும்போது ஜெகதாம்பாள் குறுக்கே கையை நீட்டினாள்.

"கூடை நம்ம பக்கம் வரணும்."

"கூடைய கை புடிச்சிருக்கே?" என்றார் முன்சீப்.

"அப்ப கையும் வரட்டுமே. ஆளுதானே கேட்டா அவ? கைன்னு தனியாக் கேக்கலையே."

கமலவேணி வேண்டாம் என்று ஓடிவருவதற்குள் பாக்குவெட்டி மணிக்கட்டில் விழுந்தது. நறுக்கென்று சத்தம் கேட்டது. அட்டையின் விளிம்பில் சிவப்பாக ஒரு பொட்டு ஊறி, கனத்து, முன்சீப் எழுதிக்கொண்டிருந்த முத்திரைத்தாளின்மேல் சொட்டியது. அப்புறம் இன்னொன்று.

முன்சீப் விரலால் தொட்டு, முகர்ந்து, விரலைத் துண்டில் துடைத்தார். கமலவேணி அந்தத் துண்டுப் படத்தைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கத்தினாள். "உசுரு இருக்கு! எம் புருஷனுக்கு உசுரு இருக்கு! செத்தவன் கையில ரத்தம் வருமா? எல்லாரும் பாத்துக்கங்க!" அவள் அழுதாளா சிரித்தாளா என்று அன்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டையும்தான் செய்தாள். மஞ்சளை அரைத்து அட்டையின் வெட்டுவாயில் அப்பி, பழந்துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். கருமாதி நின்றது. முத்திரைத்தாளில் ரத்தம் பட்ட இடத்தைச் சுற்றி எழுதிப் பத்திரத்தை முடித்தார்கள், செல்லும் என்று முன்சீப் உறுதி சொன்னார். பரங்கிக்காயை என்ன செய்வது என்று மட்டும் அய்யம்பெருமாள் கேட்டுக்கொண்டே இருந்தார்.

படத்துண்டு இரண்டு விரல் அகலம்தான் இருந்தது. அதில் ஒருவன் ஒருக்களித்துக்கூட நிற்க முடியாது. கால் வைக்க மண்ணும் கிடையாது. கமலவேணி அதை விளக்குமாடத்தில் சாய்த்து வைத்திருந்தாள். ஆவணி பிறந்த ஒரு காலைப்பொழுதில் அவள் முற்றத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பழனிவேல் மாடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கிணற்றிலிருந்து ஏறி வருகிறவன் போல, முதலில் வலது காலையும் பிறகு இடது காலையும் எடுத்து வெளியே வைத்தான். இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. கிராம்பு வாசனை அடித்தது. இடது மணிக்கட்டில் அவள் கட்டிய கட்டு இருந்தது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"இத்தினி வருஷமா திரும்பிக்கூடப் பாக்கலையே" என்றாள் கமலவேணி.

"அசையாதன்னு மொதலாளி சொன்னாரு. படம் புடிச்சு முடிச்சதும் சொல்றேன்னாரு. அதுக்குள்ள சண்டை வந்துருச்சு. அவரு எங்க ஓடுனாருன்னே தெரியல. அசையலாம்னு சொல்ல ஆளில்ல."

"யாராச்சும் சொல்ற வரைக்கும் நிப்பீங்களா? நாட்டுல இப்படியும் ஒரு மனுசன் உண்டா?"

"நம்ம வூட்டுல அண்ணன் சொல்லாம நான் என்னைக்கு அசைஞ்சிருக்கேன்? இப்ப அவரே நிக்க மண்ணில்லாம வெட்டி உட்டுட்டாரு" என்றான் பழனிவேல். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நீ பேசுனதெல்லாம் கேட்டுச்சு. பசு கன்னு போட்டது, புளி உலுக்குனது, எல்லாம். அது காதுல விழலன்னா நான் எப்பவோ வுழுந்துருப்பேன்" என்றான். கமலவேணி முறத்தைப் போட்டுவிட்டு அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று. சிந்திய கம்பைக் கோழி தின்றது, அவள் விரட்டவில்லை.

செய்தி கேட்டு அய்யம்பெருமாள் ஓடி வந்தார், தம்பியைக் கட்டிக்கொண்டு உண்மையாகவே அழுதார், அழுது முடித்ததும் முன்சீப்பைக் கூட்டி வந்தார். படத்திலிருந்து வந்த ஆள் பொதுச்சொத்தில் சேர்த்தி, ஆகவே பாதி நாள் தன் கொல்லையில் உழ வேண்டும் என்பது அவர் வாதம். பத்திரம் எழுதியாயிற்று, கை உங்கள் பங்கு, ஆள் அந்தம்மா பங்கு, வேண்டுமானால் கையை மட்டும் உழச் சொல்லுங்கள் என்று முன்சீப் சொல்லிவிட்டார். கையைத் திரும்பக் கொடுக்கலாமே என்று பழனிவேல் கேட்டதற்கு, ரிஜிஸ்தர் ஆனதை மாற்றினால் குடும்ப கௌரவம் என்னாவது என்று அய்யம்பெருமாள் மறுத்தார். ஜெகதாம்பாளுக்கும் லாபமில்லை. பழனிவேல் வெளியே கால் வைத்த அதே நேரத்தில் படத்துக்குள் இருந்த கை கூடையைத் தரையில் இறக்கி வைத்தது. மீன்காரி ஒருத்தி அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள். மழைப் படத்தை அய்யம்பெருமாள் ஆசையாகத் தன் வீட்டு நடுக்கூடத்தில் மாட்டினார். அது அங்கேயும் ஒழுங்காகப் பெய்தது. விதைக்கு வைத்திருந்த மல்லாட்டைக் கடலை மூட்டையிலேயே முளைத்தது. வாசல் பக்கம் வாய்க்கால் வெட்ட அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நடுவில் சுவர் எழும்பியது. ஜாவாக்காரர்கள் டச்சுக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததாகப் பேப்பரில் வந்தது. படத்துச் சந்தையில் சில நாள் கூட்டம் குறைந்திருக்கும், சில நாள் புதிதாக ஒரு சிவப்பு வெள்ளைக் கொடி தெரியும். இங்கேயும் ஒரு கொடி ஏறியது. அய்யம்பெருமாள் வீட்டுச் சுவரில் பழனிவேலின் இடது கை எப்போதும்போல் உயிரோடு இருந்தது. வேர்த்தது, நகம் வளர்ந்தது, வாரத்துக்கொரு தரம் ஜெகதாம்பாள் முணுமுணுத்துக்கொண்டே நகம் வெட்டிவிட்டாள். அரிப்பெடுத்தால் அது இந்தப் பக்கம் பழனிவேலுக்குத் தெரிந்தது, சொறிந்துகொள்ளத்தான் முடியவில்லை. முதல் தடவை பல்லைக் கடித்துக்கொண்டான். இரண்டாம் தடவை கமலவேணி சுவரைச் சுற்றிக்கொண்டு போய் மூத்தவள் வாசலில் நின்றாள்.

"அக்கா, அவருக்குக் கை அரிக்குதாம்."

"எந்த எடத்துல?"

"கட்டவெரலுக்குக் கீழயாம்."

ஜெகதாம்பாள் அரைத்துக்கொண்டிருந்த அம்மியை விட்டு எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அது முதல் அப்படியே வழக்கமாகிவிட்டது. பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளில் இதற்கு மட்டும் போக்குவரத்து உண்டு என்று ஊர் ஒப்புக்கொண்டது.

பழனிவேல் ஒற்றைக் கையால் களைக்கொத்தைப் பிடிக்கப் பழகிக்கொண்டான். கொல்லையில் மத்தியான வேளைகளில் சில சமயம் சட்டென்று வேலையை நிறுத்திவிடுவான். முதல் நாள் கமலவேணி பதறிப்போய், "என்னாங்க? மறுபடி அரிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல. அண்ணன் வந்து கையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு" என்றான் பழனிவேல். "வூட்டுல யாரும் இல்ல போலருக்கு."

கமலவேணி தன் களைக்கொத்தை மண்ணில் ஊன்றினாள். "ரொம்ப நேரம் புடிச்சிருப்பாரா?"

"தெரியல. அழுவுறாரு. ஈரமாருக்கு."

"சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, அவனுடைய பாத்தியையும் சேர்த்து அவளே களை வெட்டிக்கொண்டு போனாள்.